கொழுந்துக்குள் போய் வந்த ஞானஸ்நானப் பதிவேடு

அன்பு மகள் கெஸியாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் இந்த மழைக்கு முனகுகிறது, நீ அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா இல்லையா என்பதை உண்மையாக எழுது. கடிதம் தள்ளிக்கொண்டே போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே, போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மழையில் நம் கோயில் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, அறுபதுகளின் ஞானஸ்நானப் பதிவேடு நனைந்து பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. கோயில் பெருக்கும் தபித்தாள் பெரியம்மாவுக்கு மஸ்கட்டில் மகள் பிரசவத்துக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும், பிறந்த தேதிக்கு வேறு காகிதமே கிடையாது, அந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான். செயலாளர் லெஸ்லி அங்கிள் தூக்கிப் பார்த்துவிட்டு, இது அப்பளக் கட்டு ஆயிருச்சுங்க, விட்டுருங்க என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம், கெமிஸ்ட்ரி படித்தவள் நான் சரிசெய்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன், கெடுத்துவிட்டால் அந்தப் பெரியம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்தேன், நல்லவேளை மை கரையவில்லை. ஆனால் இந்தப் பனியில் நம் வீட்டில் துணியே காயாது, அடுப்புப் பக்கம் வைத்தால் தாள் முறுகிவிடும்.

அப்போதுதான் அப்பாவுக்கு யோசனை வந்தது. அவர் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டி இருக்கிறதே, அடியிலிருந்து சூடில்லாத விசிறிக் காற்று வரும், ஞாயிற்றுக்கிழமை காலியாகவும் இருக்கும் என்று மேனேஜரிடம் கேட்டு, பதிவேட்டைப் பழைய கொசுவலையில் சுற்றிக் கோடியில் நிறுத்தி வைத்தார். வைத்தவர் திங்கட்கிழமை எடுக்க மறந்துவிட்டார்! அங்கே கொழுந்து பரப்பும் பாலாமணி பார்க்காமல் மேலேயே கொழுந்தைக் கொட்டிப் பரப்பிவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு நினைவு வந்து, கையைக்கூடக் கழுவாமல் ஓடினார், பின்னால் நான், நாற்பத்தெட்டு வயதில் அந்தப் படியில் அப்படி ஓடுவேன் என்று நினைத்ததே இல்லை. அதற்குள் கொழுந்தை வாரி அரைக்கிற மெஷின் பக்கம் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். பாலாமணி மேலேயிருந்து கத்துகிறாள், ஏனுங்கண்ணா, கொழுந்துக்குள்ள பைபிள் கெடக்குதுங்க!

வீட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாகப் பிரித்தேன். கெஸியா, நன்றாகக் காய்ந்த கல்லிலிருந்து தோசை கிளம்புமே, அப்படி ஒவ்வொரு பக்கமாகக் கிளம்பி வந்தது! பச்சைக் கொழுந்து வாசனை வேறு. கிழிந்த ஓரங்களை மெல்லிய தாளும் மைதாப் பசையும் வைத்து ஒட்டினேன், வேண்டுமென்றால் பின்னால் ஈரம் வைத்தே எடுத்துவிடலாம். தபித்தாள் பெரியம்மாவின் வரியைப் பார்த்தால், பிறந்த வருஷம் 1964! இத்தனை நாளும் 61 என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூணு வயசு எளயவளாயிட்டேன்டி ஷைனா என்று விளக்குமாற்றோடு ஒரு சுற்றுச் சுற்றினார் பார். அதே புத்தகத்தில் லெஸ்லி அங்கிள் 62. முப்பது வருஷமாக அவரை டேய் தம்பி, பெஞ்சத் தூக்குடா என்று விரட்டியவர் பெரியம்மாதான். அங்கிள் கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை படித்துவிட்டு, இனிமே அண்ணான்னு கூப்புடோணும் என்று நிமிர்ந்து நின்றார். அந்தப் பொஸ்தகத்தக் கொழுந்துக்குள்ளயே மறுபடி போட்டுரு ஷைனா என்று சொல்லிவிட்டார் பெரியம்மா.

சபை ஐயர் கையெழுத்துப் போட்ட நகலை வைத்துப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, பெரியம்மா நேற்றுக் காலை மஸ்கட்டுக்குப் புறப்பட்டார். எங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லி, ஜீப் கதவைப் பிடித்தபடி திரும்பி, எல்லோரும் கேட்க, அண்ணா என்றார். அங்கிள் முகம் மலர்ந்து இரண்டடி முன்னால் வந்தார். பெட்டியத் தூக்கி உள்ள வைங்கண்ணா என்றார் பெரியம்மா.

உன் சான்றிதழ் எதையும் லேமினேட் செய்யாதே, பிறகு பிரிக்கவே முடியாது, உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு நான் செய்தது பெரிய தப்பு. பெரியம்மாவின் பக்கத்தில் ஒட்டியிருந்த கொழுந்து ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், முகர்ந்து பார். வேளைக்குச் சாப்பிடு. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா,
ஷைனா செல்லதுரை
குன்னூர்