ஏலாவை யார் ஏலம் எடுத்தது?

நவ. 4, திங்கள்
காலையிலிருந்து மழை. குடையைப் பஸ்சில் விட்டாயிற்று.
சாலை அறிக்கை வெள்ளிக்குள் போக வேண்டும். ஜங்ஷன் நெரிசலுக்கு இரண்டு யோசனைகள். வயலில் மண் நிரப்பிப் புதுச் சாலை. அல்லது பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வைத்து, இருக்கிற ஜங்ஷனையே அகலப்படுத்துவது. என் கணக்கில் புதுச் சாலைதான் ஜெயிக்கிறது. பயண நேரம் அவ்வளவு மிச்சம்; அதையும் ரூபாயாக்கித்தான் கணக்கில் சேர்ப்போம்.
அக்கா ஜெபா நாகர்கோவிலில் நர்ஸ். தினமும் அந்த ஜங்ஷனில் மாட்டுகிறவள். "லேய் மக்கா, எனக்க நேரத்துக்கு என்ன வெல போட்டிருக்க?" சொன்னேன். "இவ்வளவுதானா? நம்ம பூனைக்கே இதவிடக் கூடுதலு உண்டும்."

நவ. 5, செவ்வாய்
எரிச்சல். எங்கள் டீம் லீடர் கதிர் சார், சென்னைக்காரர், என் வரைவைத் திருத்தியிருக்கிறார். நான் எழுதியது: 'சாலை ஏலா வழியே செல்லும்.' அவர் திருத்தியது: 'ஏலம் விடப்பட்ட நிலத்தின் வழியே.' ஆகவே சுற்றுச்சூழல் பாதிப்பு: இல்லை!
ஏலா என்றால் நெல்வயல் பரப்பு என்று மனிதருக்குத் தெரியாது. விளக்கி எழுத எனக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்கு விளக்குவது?

நவ. 6, புதன்
சாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். களை பறித்துக்கொண்டிருந்த அக்கச்சி ஒருத்தி கதையைக் கேட்டாள். "ஏலாவ ஏலம் விட்டாச்சா? எடுத்தவன இஞ்ச வரச் சொல்லும் பிள்ளே, களை பறிக்க ஆளு இல்ல."
சார் வெடித்துச் சிரித்ததில் வரப்பு வழுக்கி, முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு கிடைக்கவேயில்லை. அப்படி நின்றுகொண்டே கேட்டார்: "இதை நிரப்பிட்டா இவ்வளவு தண்ணியும் எங்கப்பா போகும்?"
கீழ்த்தெரு வீடுகளுக்கு. அது என் கணக்கிலேயே இல்லை. நல்ல மனிதர். நேற்று திட்டியதெல்லாம் வாபஸ்.

நவ. 7, வியாழன்
மறுகணக்கு. மண் நிரப்பாமல் போவதென்றால் தூண் நட்டுப் பாலம். செலவு எகிறிவிட்டது. புதுச் சாலை அவுட். ஜங்ஷன்தான். அக்காவுக்கு மிச்சமாகும் நேரம் பாதிகூட இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.
"துரோகி." ஆனாலும் மீன்கறியில் தலைத்துண்டை எனக்குத்தான் போட்டாள்.

நவ. 8, வெள்ளி
அறிக்கை போயிற்று. 'ஏலா, அதாவது நீர் தேங்கும் நெல்வயல்' என்று சாரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முடிவு மேலே இருப்பவர்கள் கையில்.
சாயங்காலம் அக்கா போன். "ஜங்ஷன்ல பஸ்சு நின்ன எடத்த விட்டு அனங்கல்ல. உனக்க ஏலாவுல தவள கெடந்து கத்துகு. ரசிச்சாச்சு. வந்து கூட்டிட்டுப் போ லேய்."
பைக் சாவி எங்கே?