போர்க்குழி மிரட்டல்

அன்புள்ள தனப்பிரியாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? உன் முழங்கை வலி குறைந்ததா? போர்வெல் போடும் எங்கள் ரிக் லாரி இப்போது ராய்ப்பூர் பக்கம் ஓடுகிறது. போனில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் ஊருக்கு வரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பா தமிழினி சாப்பிட அடம்பிடித்தபோதெல்லாம், "போர்க்குழிக்குள்ள போட்டுருவேன் சாமி" என்று போனில் மிரட்டினேன். "பயங்காட்டாதீங்க, நான் பேசியே ஊட்டிக்கறனுங்க" என்றாய். நான் சிரித்தேன். இப்போது என் குரல் கேட்டாலே அவள் ஒளிகிறாள்.

நேற்று நிலத்துக்காரரின் சின்ன மகள் குழியருகே வந்தபோது, எங்கள் ஆள் ஒருவன் அதே மிரட்டலை அரைகுறை இந்தியில் சொன்னான். அவள் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். நம் பாப்பா யாரிடம் ஓடுவாள்? அவளை மிரட்டியதே அப்பாதான். வெட்கத்தில் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பாப்பாவுக்குச் சோறூட்டும்போது போனைப் பக்கத்தில் வை. நான் பேச மாட்டேன், நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

தனபால்