செத்தவர்கள் ஹவானாவுக்கு வருகிறோம்

மத்தான்சாஸ்,
23 ஆகஸ்ட் 1949

மகன் எவேலியோவுக்கு, செத்துப்போன உன் அப்பா எழுதிக்கொள்வது. மண்ணுக்குள் போனவர்கள் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், அமெரிக்காவில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அனாதைக்கு என்ன கவலை.

சனிக்கிழமை சவரக்கடையில் நிகானோர் தன் மச்சான் அமெரிக்காவில் டாம்பாவிலிருந்து அனுப்பிய பத்திரிகையைப் பிரித்து, உன் படத்தைக் காட்டி, கடை நிறைய ஆள் இருக்கும்போது உரக்கப் படித்தான். பேஸ்பாலில் பந்து வீச வந்திருக்கும் இந்த இளைஞன் சுத்த ஸ்பானிய வம்சமாம், கரும்புத் தோட்ட முதலாளி மகனாம், அப்பா அம்மா இரண்டு பேரும் புயலில் போய்விட்டார்களாம், நீயே சொன்னாயாம். படித்து முடித்துவிட்டு அந்த வாயாடி என்னைப் பார்த்து, "லியோன்சியோ, உனக்குச் சவரம் பண்ணட்டுமா, இல்ல மலர்வளையம் வாங்கட்டுமா?" என்றான். சர்க்கரை ஆலையில் இப்போது என் பெயரே முதலாளிதான். முப்பது வருடம் பாகுக் கொப்பரை முன்னால் வெந்தவனுக்கு நீ வாங்கிக் கொடுத்த பட்டம்.

எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே முக்கால்வாசி அணிகளில் இன்னும் வெள்ளைத் தோலுக்குத்தான் இடம், நீ என்னைப் போல வெளுப்பு, உன் அம்மா கறுப்பு. அவளை மறைக்க என்னையும் சேர்த்துப் புதைத்துவிட்டாய். வெட்கமாக இல்லையா உனக்கு? நான் ஆலையே கதியென்று கிடந்த நாட்களில் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து வெறுங்கையால் உன் பந்தைப் பிடித்தவள் யார்? அவள் சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை. நான் கத்தினால் என்னைத்தான் திட்டுகிறாள். "கத்தாதய்யா, புள்ள வீசட்டும், நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்" என்கிறாள். அங்கே ஆட்டங்கள் முடிந்து அக்டோபரில் நீ ஹவானாவில் ஆட வரும்போது பார்க்க வரமாட்டாளாம். உன் அமெரிக்க அணியின் முதலாளி வருவானாம், "கறுப்பி ஒருத்தி மகனேன்னு கூப்பிட்டா அவன் பொழப்பே போயிடும்" என்கிறாள். சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

பன்றி ஒன்பது குட்டி போட்டிருக்கிறது. உன் தங்கை டுல்சேவுக்கு நிச்சயமாகிவிட்டது, அவளாவது உயிரோடு இருக்கிறாளா என்று எழுது. வளைவுப் பந்தை அதிகம் வீசாதே, முழங்கை போய்விடும்.

முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் சொல்லிவைத்துவிட்டேன். இழுத்துக்கொண்டாவது உன் அம்மாவைக் கூட்டி வருவேன், முதல் வரிசையில் உட்காருவோம். பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வேலியருகே வந்து, தொப்பியைக் கழற்றி, சின்ன வயதில் தினமும் கேட்பாயே அதுபோல, "அம்மா, ஆசீர்வாதம் பண்ணு" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்க வேண்டும், மறக்காதே. கேட்காவிட்டால் நான் சண்டை போடமாட்டேன். அவள் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவேன், அன்றோடு உனக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

கடிதத்தை ஆசீர்வாதத்தோடு முடிப்பது வழக்கம். இந்த முறை நான் எழுதவில்லை. அது உன் அம்மாவிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
லியோன்சியோ