கட்டிற்கால்கள் ஒடிந்தமை குறித்து உடற்பயிற்சித் தலைவன் விண்ணப்பம்

வளம் பெருகுக. வெண்குன்ற நாட்டு வேந்தர், எதிர்த்தார் முதுகு கண்ட ஏந்தல், இளங்காரித் தேவர் திருவடிகளுக்கு, தேவரீரின் படைப்பயிலகத்து உடற்பயிற்சித் தலைவன் பேராதன், குனிய முயன்று, வயிறு இடங்கொடாமையால் நின்றபடியே வணங்கி எழுதும் ஓலை. அங்கே ஆவும் ஆனையும் அரண்மனையும் நலமே வாழ்க. இங்கே கட்டில்கள் தவிர யாவும் நலம்.

அக்கட்டில்கள் ஒடிந்ததற்குக் காரணம் இத்தலைவனே. ஆட்டுக்கிடாய் ஒன்று துரத்த இவன் ஓடிய ஓட்டத்தை மாடத்திலிருந்து கண்டு, தேவரீர் இப்பதவியை நல்கியதை நாடறியும். கிடாய் இல்லாமல் இவன் ஓடமாட்டான் என்பதை நாடறியாது. பதவியேற்ற களிப்பில் இவன் தன் கையாலேயே முதல் ஆணையை எழுதினான்: 'மாணாக்கர் காலை ஓடி வரச் செய்க.' புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் நாட்டில் எவரும் புள்ளி இடுவதில்லை. அதனால் ஒ என்பதும் ஓ என்பதும் ஒரே வடிவாய் நிற்கும். ஓலையைப் பெற்ற பயிற்சி ஆசான் கொற்றன் அதனை, 'மாணாக்கர் காலை ஒடி. வரச் செய்க' என்று படித்தான்.

படித்தவன் இரக்கமுள்ளவன். மாணாக்கருக்கு உரிய கால்கள் எவையெவை என ஆய்ந்து, உடம்பில் இருந்தவற்றை விடுத்துக் கட்டிலில் இருந்தவற்றை ஒடித்தான். வரச் செய்க என்றும் இருந்தமையால், கட்டில்களை முற்றத்துக்கு வரச் செய்தான். மாணாக்கர் அவற்றைத் தலைமேல் சுமந்து வரிசையாய் நிற்க, அன்றைக்கென்று வந்து சேர்ந்த அண்டை நாட்டுத் தூதர், இஃது என்ன வியூகம் என வினவினார். கட்டில் வியூகம் என்று இத்தலைவன் உளறிவிட்டான். தூதர் அதனைப் படமாய் வரைந்து கொண்டு சென்றார். அண்டை நாட்டிலும் இப்போது கட்டில்கள் ஒடிகின்றன எனக் கேள்வி.

இந்நிலையில், ஆணையைப் பிழைபடப் படித்த கொற்றனைப் பணி நீக்கி எல்லைக்கு அப்பால் விடுக என்னும் தேவரீர் திருமுகம் வந்தது. மனைவியும் மக்களும் உறவும் இவ்வூரிலேயே உடைய அவன், கேட்டுத் தலையசைத்து மூட்டை கட்டப் போனான். தலை நரைக்குமட்டும் ஓலை படித்தவன் இதை மட்டும் எப்படித் தவறாகப் படித்தான் என்று இத்தலைவன் கேட்டான். கண்ணில் வெயில் என்றான். மறுபடி கேட்டதற்கு எழுத்தாணி மழுங்கல் என்றான். அதற்கும் மேல் கேட்டதற்கு, கட்டில்கள் எப்படியும் பழையவைதாமே என்றான்.

இன்று அவன் மூட்டையுடன் வாயிலை அடைந்தபோது, இவன் படிகளேறி மூச்சிரைக்க வழிமறித்து, நாட்டை விட்டே போகிறவனுக்கு இனி என்ன அச்சம், உள்ளதைச் சொல் என்றான். அவன் சொன்னதைச் சொன்னபடியே இவன் எழுதுகிறான்:

"சரியாத்தான் படிச்சேன், ஐயா. இங்க தலைவரா வர்றவர்தான் பையன்களுக்கு முன்னால ஓடணும். அது வழக்கம், உங்களுக்கு யாரும் சொல்லல. இந்தப் படி ஏறவே நீங்க படுற பாட்டைப் பார்த்துட்டேன். நீங்க ஓடிச் சாகுறதுக்குக் கட்டில் ஒடிஞ்சா ஒடியட்டும்னு விட்டேன்."

இவ்வோலையும் புள்ளியின்றியே எழுதப்பட்டது. தேவரீர் திருவுளம் இரங்கும் வகையில் படித்தருள்க. தண்டம் உண்டாயின் அஃது இத்தலைவனுக்கே ஆகுக. நாளை விடியலில் இவன் மாணாக்கர்க்கு முன்னே ஓடுவான். அதற்கு இவன் பின்னால் ஒரு கிடாய் வேண்டும். கிடாயின் கயிற்றைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். ஆதலால், மூட்டையை அவிழ்த்துக் கிடாயைத் தேடுக என்று கொற்றனுக்கு ஆணையிட்டான். இம்முறை ஓலையில் அன்று, வாயால்.

இது பேராதன் இலச்சினை.