ஜெபத்தில் விட்டுப்போகும் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் பழைய முட்டிவலி தேவலையா?

போனில் அண்ணன் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். பயப்பட ஒன்றுமில்லை.

ஞாயிறன்று இங்கே தொம்மலூரில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். போதகர் ஓசியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினார். துரோகம் செய்த ஜனத்தை ‘என் ஜனமல்ல’ என்று தள்ளிய கர்த்தரே, பிறகு ‘என் ஜனம்’ என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாராம். முடிந்ததும் ஜெபக்குறிப்பு கேட்டார். அவரை அழைத்து வந்த ஆட்டோ டிரைவர் வாசலில் நின்றபடியே, “எங்கப்பாவுக்கு முட்டிவலி ஐயா, ஜெபம் பண்ணுங்க” என்றார். குரல் கேட்டுத் திரும்பினேன். நம் லாயிட் அண்ணன்.

கோயிலும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று போனவன் இப்போது தினமும் என் அறைக்குச் சாப்பிட வருகிறான். இருப்பது ஒரே தட்டு. அவன் முடித்த பிறகு நான் சாப்பிடுகிறேன். பேச ஆள் இருப்பதால் சோறு இறங்குகிறது. அம்மாவிடம் சொல்லி இன்னொரு எவர்சில்வர் தட்டு கொடுத்தனுப்புங்கள்.

தினமும் போனில் நானும் சேரும் குடும்ப ஜெபத்தில் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் இருமிவிட்டு என் பெயருக்குப் போவீர்களே, நேற்று அவனும் என்னோடு சேர்ந்து அதைக் கேட்டான். “அப்பாவுக்கு இருமல் வேற வந்துடுச்சா?” என்றான். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல? இன்று மருந்து வாங்கி வந்துவிட்டான்.

வேலைக்கு நேரமாகிறது. அந்த மருந்தை அனுப்பட்டுமா, வேண்டாமா? கடிதம் கிடைத்த அன்று ஜெபத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
கேரல்