அடி ஒரு தெரு, விளிம்பு ஒரு தெரு

ஆடி மாசம், செவ்வாய். பேரையூர்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் மேற்பார்வை பார்க்கும் பெண்கள் சங்கத்தின் கூடை பின்னும் ஷெட்டுக்கு இன்று கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். எனக்கு மாமா முறை. திருவிழா முளைப்பாரிக்குப் பனையோலைக் கூடை வேண்டுமாம். ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தத் தெருவுல பின்னுனது மாப்ள?"

வேலையைப் பிரித்து அமைத்தவன் நான். அந்தப் பெருமையில் உளறிவிட்டேன்.

"ரெண்டு தெருவும்தான் மாமா. அடி காலனிக்காரங்க, விளிம்பு நம்ம பொம்பளைங்க. அதான் இம்புட்டு வேகம்."

கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப சாமிக்கு ஆகாது. நம்ம பொம்பளைகளும் இனி இங்க வர வேணாம்."

சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொல்லியாகிவிட்டது. விளிம்பு கட்ட வரும் என் அண்ணி அழுதார். "உங்கண்ணன் போகக்கூடாதுங்குறாரு. உங்கள யாரு தம்பி வெளக்கம் கேட்டா?"

இரண்டு தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தூக்குவாளி டீயைக் குடித்தவர்கள். பம்புசெட் மோட்டார் நின்றால் கழற்றிப் பார்ப்பேன். இதை எப்படிச் சரிசெய்வது?

இப்போதுதான் காலனியிலிருந்து பாண்டியம்மா அக்கா போன் செய்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

"தம்பி, நாளைக்கு வேண்டிய அடியெல்லாம் பின்னிட்டோம். விளிம்பு கட்ட யாரு யாரு வாரா?"

"நான் வாரேங்க்கா" என்றேன். எனக்கு விளிம்பு கட்டத் தெரியாது.