துரையின் தமாஷ்

ஹட்டன், 1934 ஆகஸ்ட்

பிரியமுள்ள நேசபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் நான் நலம். நீயும் அம்மையும் சுகந்தானா? பிள்ளைக்குச் சளி விட்டதா?

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வருவதாக எழுதியிருந்தேன். அது நடக்காது போலிருக்கிறது. பதறாதே, கேட்டியா. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை லீவு தந்தார். நானும் பெட்டி கட்டி, பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ள ஆபீசுக்குப் போனேன். அங்கே அவரும் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லீவே கிடையாதாம். ‘லெக் புல்லிங்’ என்றார். ஏமாற்றித் தமாஷ் பார்ப்பதற்கு இங்கிலீஷில் அப்படிப் பெயராம். கோபிக்கக் கூடாதாம்.

மறுநாள் மாடசாமி என்ற கூலியாள் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, வேறு தோட்டத்தில் பிரசவித்திருந்த மனைவியைப் பார்த்து வந்தான். அதற்குப் பெயர் ‘சீட்டிங்’, மோசடியாம். வேலை போயிற்று. அதை அவனுக்குத் தமிழில் சொன்னவன், ஆபீஸ் கிளார்க்கான நான்.

“தொர ஒங்களுக்குச் செஞ்சதுக்கு என்ன பேருங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்வியோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் சபையில் தகப்பன்தானே பிள்ளையைத் தூக்கிப் போய்ப் போதகர் கையில் கொடுக்க வேண்டும்? என் பிள்ளையை வேறொருவன் தூக்க நான் செத்தா போனேன்?

நாகர்கோவில் தந்தி ஆபீசுக்கு ஆளனுப்பி, அம்மைக்குக் கடுஞ்சுகவீனம் என்று எனக்குத் தந்தி அடிக்கச் சொல். அம்மை வைதால் வையட்டும். கருப்பட்டி அனுப்பாதே, வந்து தின்கிறேன். வேலை போனால் போகட்டும். தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

அந்தத் தந்திப் பொய்க்கு இங்கிலீஷில் எது பெயரென்று, நான் கப்பலேறின பிறகு துரை தேடிக்கொள்ளட்டும்.

உன்
யேசுரத்தினம்